மோர்கனெல்லா: பூச்சியா, காளானா?

உருப்பெருக்கியின் கீழ் இருப்பது செதில் பூச்சி. பெண் பூச்சி மெழுகாலான கேடயத்துக்கு அடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, செடியின் சாற்றை உறிஞ்சியே காலம் தள்ளும். பக்கத்துக் கண்ணாடிக் குடுவையில் உருண்டைக் காளான். முற்றியபின் மழைத்துளி பட்டாலே போதும், உச்சித் துளை வழியே வித்துத்தூள் புகையாய்க் கிளம்பும். இரண்டின் பேரினப் பெயரும் மோர்கனெல்லா. பூச்சிக்கு 1897இல் கோக்கரெல் வைத்தார். காளானுக்கு 1948இல் செல்லர்.

இது பிழையல்ல. விலங்குகளுக்குப் பெயரிட ஒரு சர்வதேச விதித்தொகுப்பு; பாசி, காளான், தாவரம் ஆகியவற்றுக்கு வேறொன்று. ஒரே தொகுப்புக்குள் பெயர் மோதினால் பொதுவாக முந்தியது நிலைக்கும், பிந்தியது மாற வேண்டும். தொகுப்பு வேறானால் தடையில்லை.

காளான் தாவரமல்ல, மரபுவழியில் அது விலங்குகளுக்கே நெருங்கிய சொந்தம். ஆயினும் உயிரினப் பெயரிடலுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸ் காலத்தில் தாவரங்களோடு சேர்க்கப்பட்டதால், பெயர் விஷயத்தில் இன்றும் அங்கேயே குடியிருக்கிறது. அந்தத் தொகுப்பின் தலைப்பில் காளான் என்ற சொல் ஏறியதே 2011இல்தான். கொஞ்சம் தாமதமான மரியாதை!

பாக்டீரியாக்களுக்கோ தனித் தொகுப்பு. அங்கும் ஒரு மோர்கனெல்லா உண்டு: மனிதக் குடலில் வாழ்ந்து, சிலசமயம் சிறுநீர்ப் பாதையில் தொற்று உண்டாக்குவது. பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் மோர்கனின் நினைவாக வைத்த பெயர். காளானின் பெயரும் ஒரு மோர்கனின் நினைவாகத்தான்; ஆனால் அவர் வேறு ஆள், அமெரிக்கர்.

குழப்பம் நேராதிருக்க, ஆய்வாளர்கள் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவரையும் சேர்த்து எழுதுவார்கள்: மோர்கனெல்லா கோக்கரெல், மோர்கனெல்லா செல்லர்.