'நான் ஒண்ணுக்கும் ஒதவாதவ': குறுங்கால உளப்பகுப்பாய்வு குறித்து

மனச்சோர்வு என்ற சொல் கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் புழங்குவதில்லை. 'மனசு விட்டுப்போச்சு', 'ஒரே வெசனமா இருக்கு' என்பார்கள். நம் தோழர்களிடம் பேச்செடுத்தால் 'அது நடுத்தர வர்க்க வியாதி, கூலி ஒசந்தா சரியாப் போகும்' என்கிறார்கள். கூலி உயர வேண்டும்தான். ஆனால் பிரச்சினை அத்தோடு முடிவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

1917இல் வெளியான 'துயரமும் மெலன்கோலியாவும்' கட்டுரையில் ஃப்ராய்ட் ஒன்றைக் கவனிக்கிறார். சோர்வுற்றவர் தன்மீது அடுக்கும் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் அவருக்குப் பொருந்துவதில்லை. அவர் நேசித்து இழந்த வேறொருவருக்கே பொருந்துகின்றன. இழந்த ஆள் தன்னிலைக்குள் குடியேறிவிட, அவர்மேல் போக வேண்டிய கோபம் தன்மேலேயே திரும்புகிறது.

விடிகாலையில் ஜீப்பேறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கணவன் விட்டுப்போய்விட்டான். 'நான் ஒண்ணுக்கும் ஒதவாதவ' என்கிறாள். உதவாதவன் அவன். அதைச் சொல்லக் குடும்பமும் சாதியும் அவளுக்கு வாய் தரவில்லை. மிச்சமிருக்கும் நேசமும் விடவில்லை.

வருடக்கணக்கில் சோபாவில் படுத்துப் பேசுவது கூலிக்காரருக்கு ஆகிற காரியமா? நியாயமான கேள்வி. 1910இல் ஃப்ராய்டே லெய்டன் நகரில் இசைக்கலைஞர் மாஹ்லருடன் நடந்தபடி, ஏறத்தாழ 4 மணி நேரத்தில் ஒரு பகுப்பாய்வை முடித்திருக்கிறார். 1973இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மான் 12 அமர்வுகள் என்று வரையறுத்தார். இன்று பிரிட்டனின் பொதுமருத்துவச் சேவையில் மனச்சோர்வுக்கு 16 அமர்வு கொண்ட ஒரு வடிவம் உண்டு.

இதில் எல்லாவற்றையும் தோண்டுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் ஓர் உறவுச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி நாள் எதுவென்று முதலிலேயே தெரியும். ஆக, பிரிவு அங்கேயே நிகழப்போகிறது. விட்டுப்போனவன்மேல் வராத கோபம் சிகிச்சையாளர்மேல் வரலாம். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகும் அவர் ஓடிப்போவதில்லை, பழிவாங்குவதில்லை. கோபப்பட்டாலும் உறவு அறாது என்பதை அறிவுரையாக அல்ல, அனுபவமாகவே அவள் அறிகிறாள். தன்னிலை மாறுவது இங்கேதான்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவருக்கு உடனடி மருத்துவ உதவி வேண்டும்; அதற்கு இது மாற்றல்ல. கூலிப் போராட்டத்துக்கும் மாற்றல்ல. ஆனால் எல்லாம் தன் தப்பு என்று நம்புகிறவள் சங்கத்தில் எதைக் கேட்பாள்? 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் வங்காளியிலும் எழுதினார். 'வெசனம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கிக் கேட்கத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும்.