ஜாமீன் கையெழுத்தும் நீதிமொழிகளும்

தார்நாகாவிலும் அதைச் சுற்றியும் வசிக்கும் நம்மவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். லாலாகுடா ரயில்வே பணிமனை, உஸ்மானியா பல்கலைக்கழகம், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று எங்கே வேலை பார்த்தாலும், "ஒரு கையெழுத்துத்தானே சார், போடுங்கள்" என்ற வேண்டுகோள் ஒருமுறையாவது வந்திருக்கும். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஈடு காட்ட வேண்டும் என்கிறது 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம். நிலமோ நகையோ இல்லாதவர் சம்பளக்காரரைத் தேடி வருகிறார். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, நம் மொழி பேசுகிறவரிடம் முடியாது என்று சொல்லவும் மனம் வருவதில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைப் பிரித்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாமீன் விஷயத்தில் அதற்குத் தேவையும் இல்லை. நீதிமொழிகள் 6, 11, 17, 22 ஆகிய நான்கு அதிகாரங்களில் இதைப்பற்றி நேராகவே பேசுகிறது. அங்கே வரும் சொல் 'பிணை'. கொடுக்க வழியில்லாதபோது படுக்கையையும் உருவிக்கொண்டு போவார்களே என்று 22-ஆம் அதிகாரம் கேட்கிறது. கவனித்தால், கடன் வாங்கும் நண்பர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையே அங்கு இல்லை. நாமோ அதை மட்டும்தான் விசாரிக்கிறோம்!

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன்காரருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கடன்காரரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வர வேண்டும் என்பதில்லை. பீகார் வங்கி வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

அப்படியானால் பிணை நிற்பதே பாவமா? அதுவுமில்லை. தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் பிணை நின்ற யூதா, ஆபத்து வந்தபோது அவனுக்குப் பதிலாக அடிமையாக முன்வந்ததை ஆதியாகமம் சொல்கிறது. ஒநேசிமுவின் கடனைத் தானே தீர்ப்பதாகப் பவுல், பிலேமோனுக்குத் தன் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். கத்தோலிக்க அன்பர்களின் விவிலியத்திலுள்ள சீராக்கின் ஞானம் 29-ஆம் அதிகாரம், அயலாருக்குப் பிணை நிற்பதை நல்லவர் செயல் என்கிறது. உன்னால் இயன்ற அளவு மட்டும் என்றும் சொல்கிறது. இவர்கள் எல்லோரும் தாங்களே செலுத்தத் துணிந்தவர்கள்.

ஆகவே என்னிடம் கேட்டு வந்தவருக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் என்று மனைவியும் நானும் கணக்கிட்ட ஒரு தொகையை அன்றே கொடுத்தோம். கையில் இருக்கும்போது நாளை வா என்று சொல்லாதே என்பது நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம். அவருக்குச் சற்று வருத்தம்தான்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கு 6-ஆம் அதிகாரத்தின் யோசனை, தூங்காமல் உடனே போய்க் கெஞ்சியாவது விடுபடு என்பது. சட்டத்தில் வழி குறுகியது. ஓவர்டிராஃப்ட் போன்ற தொடர் கடனுக்கான ஜாமீனை, இனி வாங்கப்போகும் தொகைகளைப் பொறுத்தமட்டில், வங்கிக்கு நோட்டீஸ் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். கொடுத்து முடிந்த கடனுக்கு அது செல்லாது. நாமே கட்ட நேர்ந்தால், கடன்காரரிடமிருந்து அதைத் திரும்பப் பெறும் உரிமை 145-ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு ரசீதுகள் கைவசம் வேண்டும்.