பிறக்கும் முன்பே தொடங்கும் பழக்கம்

பனி இறங்கும் ஏற்காட்டு மலைக் கிராமமொன்றில் குழந்தை பிறக்கிறது. மரங்களின் மகரந்தம், ஈரச்சுவரின் பூஞ்சை, தொழுவத்து நுண்ணுயிரிகள், எல்லாமே அதற்குப் புதிது.

கருவில் தாயின் உடலோடு மோதாதிருக்க, சிசுவின் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் ஒவ்வாமைப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும். பிறந்தபின் அந்தச் சாய்வை நிமிர்த்துவதில் நுண்ணுயிரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வியப்பு என்னவென்றால், இந்த நிமிர்த்தல் தாயின் வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது! ஜெர்மனியில் பண்ணையில் வாழும் தாய்மார்களின் பிள்ளைகளுடைய தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், ஒவ்வாமையை அடக்கும் டி செல்கள் மற்றப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தன.

ஆடு மாடு வளர்க்கும் ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலைத் தாய்மார்களிடமும் இந்த ஆய்வு நடக்க வேண்டும். ஆனால் விறகுப் புகையும் பீடிப் புகையும் தொழுவத்து நுண்ணுயிரிகளைப் போல நன்மை செய்பவை அல்ல. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் அறைக்குள் அவை வரவே கூடாது.