ஸ்பீச் தெரபி: டாலர் கடனுக்குத் தகுந்த படிப்பா?

பக்கவாதம் வந்து வாய் குழறும் பெரியவருக்கு மறுபடி பேசவும், தண்ணீரைப் புரையேறாமல் விழுங்கவும் பழக்குபவர் ஸ்பீச் தெரபிஸ்ட். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச்சைக் கொண்டுவருபவரும் அவர்தான். அமெரிக்காவில் இவர்களுக்கு வேலைப் பஞ்சம் இல்லை. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலேயே இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். முதியவர்களின் எண்ணிக்கையும் ஏறுகிறது. 2023 முதல் 2033 வரை இந்த வேலைகள் 18 சதவீதம் பெருகும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை கணித்தது. எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து அது சொன்ன வளர்ச்சி 4 சதவீதம்தான்.

வேலை நிச்சயம் என்பதாலேயே பலர் படிப்புக் கடனைப் பற்றி யோசிப்பதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நான்கு வருட இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியாது. சில மாநிலங்களில் உதவியாளராக வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு வருட முதுகலை, 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, தேசிய அளவிலான தேர்வு, பிறகு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் 36 வாரச் சம்பள வேலை. இத்தனையும் முடித்தால்தான் ‘ஆஷா’ என்ற தொழில்முறைச் சங்கத்தின் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே இளங்கலைக் கடனைத் தனியாகப் பார்த்து “இவ்வளவுதானா” என்று நிம்மதி அடைவது பாதிக் கணக்கு. அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ இணையதளம் ஒவ்வொரு படிப்புக்கும் கடனையும் வருமானத்தையும் காட்டுகிறது. அதில் இந்த இளங்கலைக்கு வருமானம் குறைவாகத் தெரிந்தால் மிரள வேண்டாம். முதுகலையில் படித்துக்கொண்டிருப்பவர்களை அந்த வருமானக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகலைக்கான விவரத்தைத் தனியே தேடிப் பார்க்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு? 2023 மே மாதக் கணக்குப்படி, ஸ்பீச் தெரபிஸ்டுகளில் பாதிப் பேர் வருடத்துக்கு 89,290 டாலருக்கு மேல் வாங்கினார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழே; இப்படி நடுவில் நிற்கும் தொகைதான் நடுநிலைச் சம்பளம். இருபது வருட அனுபவசாலியும் இதில் அடக்கம் என்பதால், புதிதாக வேலையில் சேர்பவர் இதை எதிர்பார்க்கக் கூடாது. வேலை செய்யும் இடமும் சம்பளத்தை மாற்றும். பள்ளிகளில் 80,000 டாலரை ஒட்டியும், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியும் நடுநிலைச் சம்பளம் இருந்தது. ஆனால் பள்ளி வேலையில் கோடை விடுமுறை உண்டு. பராமரிப்பு இல்லங்களிலோ, 2019 அக்டோபரில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும் முறையை மாற்றியதும் பல தெரபிஸ்டுகள் வேலை இழந்தார்கள்.

இப்போது கடன். 50,000 டாலர் கடனை 8 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 607 டாலர் கட்ட வேண்டும். அதுவே 1,20,000 டாலரானால் மாதம் 1,456 டாலர். கட்டி முடிக்கும்போது வட்டியோடு 1,74,000 டாலரைத் தாண்டிவிடும். வருடம் 65,000 டாலரில் வேலை தொடங்கும் ஒருவருக்கு, வரி பிடிக்கும் முன்பே மாதத்துக்கு 5,400 டாலர்தான். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்கே போனால், வாடகை கட்டிக் கார் ஓட்டுவது எப்படி?

செவித்திறனைச் சோதித்துக் காது கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்டுகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு முதுகலை போதாது. இளங்கலைக்குப் பிறகு பெரும்பாலும் நான்கு வருட முனைவர் படிப்பு தேவை. ஆனாலும் 2023-இல் அவர்களின் நடுநிலைச் சம்பளம் 87,740 டாலர். இரண்டு வருடம் கூடுதலாகப் படித்தும், ஸ்பீச் தெரபிஸ்டைவிடச் சற்றுக் குறைவு! காதின் மீது உண்மையான ஆர்வம் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். பணத்துக்காக இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் கணக்கை இன்னும் இறுக்கியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடம் 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று அது வரம்பு கட்டியது. மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு வருடம் 50,000 டாலர் வரை உண்டு. 2025 நவம்பரில் வெளியான விதிமுறை வரைவில் அந்த உயர்ந்த பட்டியலில் ஸ்பீச் தெரபிக்கும் ஆடியாலஜிக்கும் இடம் தரப்படவில்லை. ஆஷா இதை எதிர்த்தது, எதிர்த்ததும் நியாயமே. கட்டணம் வரம்பைத் தாண்டினால் மாணவர் தனியார் கடனுக்குத்தான் போக வேண்டும். அரசுப் பள்ளியிலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டியவருக்கு மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் உண்டு. தனியார் கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசுக் கடனே கிடைக்காது. நம் ஊர் வங்கிக் கடனை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் கையில் வருவது அதே ஆஷா சான்றிதழ்தான். பள்ளி மாவட்டங்களின் ஊதியப் பட்டியல் பட்டத்தையும் அனுபவத்தையும் பார்த்துச் சம்பளம் போடுகிறது, கல்லூரியின் பெயரைப் பார்த்து அல்ல. எனவே மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், கையெழுத்துப் போடாமல் கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள்.