மின் கிதாருக்கேற்ற பெருக்கி எது?

மின் கிதாரை எதனுடனும் இணைக்காமல் மீட்டினால் அருகில் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே அதன் ஒலி கேட்கும். வீணைக்குள்ள குடமோ சாதாரணக் கிதாருக்குள்ள கூடான உடலோ அதற்கு இல்லை. பெரும்பாலும் அது ஒரு திண்ணிய மரக்கட்டையே. நாம் கேட்டு மகிழும் குரலெல்லாம் ‘ஆம்ப்ளிபயர்’ என்று வழங்கும் பெருக்கியின் வழியாகவே வெளிப்படுகிறது. ஆகவே கிதார் வாங்கும்போது செலுத்தும் கவனத்தில் பாதியையாவது பெருக்கி வாங்கும்போதும் செலுத்துதல் வேண்டும்.

என் வகுப்பு நண்பர்கள் நால்வர் பணம் சேர்த்து ஒரு பெருக்கி வாங்க எண்ணினர். அது வீட்டுப் பயிற்சிக்கும் உதவ வேண்டும். கல்லூரி விழா, திருமண வரவேற்பு, கோயில் திருவிழா மேடைகளுக்கும் உதவ வேண்டும். இரண்டு பெருக்கிகள் வாங்க வசதியில்லை. அவர்களில் இருவர் விடுமுறை நாட்களில் பந்தி பரிமாறச் சென்று சேர்த்த பணம் அது. பொருந்தாத பொருளில் போய்விட்டால் மீண்டும் சேர்க்க ஓராண்டு ஆகும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்டனர். அவர்களுக்குக் கூறியதைப் பிறர்க்கும் பயன்படுமென எண்ணிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கம்பி முதல் ஸ்பீக்கர் வரை

1831ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின் கிதாரின் அடிப்படை. தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்னும் பகுதி உள்ளது. அதிலுள்ள காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. வழக்கமான சுருதியில் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிரும். தோன்றும் மின்னழுத்தமோ பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஸ்பீக்கரை அசைக்கும் வலிமையை அதற்குத் தருவதே பெருக்கியின் வேலை.

ஆனால் கிதார்ப் பெருக்கி ஒலியை உள்ளவாறே பெரிதாக்குவதோடு நிற்பதில்லை. 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவின் பெண்டர், இங்கிலாந்தின் வாக்ஸ், மார்ஷல் ஆகியோர் செய்த பெருக்கிகளில் பெரும்பாலும் வால்வுகளே இருந்தன. வால்வைத் தன் எல்லைவரை துரத்தினால் அலையின் முகடு வெட்டுண்டு மழுங்குகிறது. அப்போது மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. இருமடங்கு அதிர்வெண் நமது மேல் ஸ்தாயி ஷட்ஜம். மும்மடங்கு அதிர்வெண் அந்த ஸ்தாயியின் பஞ்சமம். பொறியாளர் குறை என்று கருதிய இத்திரிபையே இசைக் கலைஞர்கள் அழகாக்கிக் கொண்டனர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வால்வுப் பெருக்கி அதன் முழு அழகையும் காட்ட வேண்டுமாயின் அதை உரக்க முழங்கவிட வேண்டும். மேலும், வாக்ஸ் நிறுவனத்தின் ஏ.சி. 30 போன்ற பெருக்கி 30 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அதைத் தூக்கிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏற முடியுமா?

‘மாடலிங்’ என்பது யாது?

இச்சங்கடத்தைத் தீர்க்க வந்ததே ‘மாடலிங்’ பெருக்கி. இது கிதாரிலிருந்து வரும் மின்னலையை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை, சிலவற்றில் அதற்கும் மேலாக, அளந்து எண்களாக மாற்றுகிறது. பழைய பெருக்கியின் வால்வு, வடிகட்டிச் சுற்று, ஸ்பீக்கர் பெட்டி ஆகியவை அலையை எவ்வாறு மாற்றுமோ அவ்வாறே அவ்வெண்களைச் சமன்பாடுகளால் மாற்றுகிறது. பின்னர் அவற்றை மீண்டும் மின்னலையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நாம் கணித வகுப்பில் வரையும் அதிபரவளைய டேன்ஜென்ட் சார்பின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் நேர்கோடு போலச் சென்று இருபுறமும் மெல்ல வளைந்து படுத்துவிடும். வால்வின் நடத்தையைத் தோராயமாகக் காட்ட இச்சார்பு பயன்படுகிறது என்று அறிந்தபோது, தேர்வுக்காக மட்டும் படித்த பாடம் கையில் ஒலியாக வந்து நின்றது போல் எனக்குத் தோன்றியது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் வி.ஜி. 8 என்ற கருவியையும், அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996இல் ஆக்ஸிஸ் 212 என்ற பெருக்கியையும் வெளியிட்டு இத்துறைக்கு வழிகோலின. இன்று நூறு குரல்கள், இருநூறு குரல்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆயின் மாடலிங்கின் உண்மையான பயன் குரல்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒலியின் தன்மையை ஒலியின் உரப்பிலிருந்து பிரித்துத் தந்ததே அதன் பெரும் பயன். மேடையில் முழங்கும் அதே குரல் வகையை முணுமுணுப்பாகவும் கேட்கலாம். ஆகவே இக்கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கே ஒலிக்கப் போகிறது என்பதேயாகும்.

வாட்டும் டெசிபலும்

100 வாட் பெருக்கி 50 வாட் பெருக்கியைப் போல் இருமடங்கு ஒலிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. டெசிபல் என்பது மடக்கை அளவு. திறன் இருமடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். நம் செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன், வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 வாட் திறனுக்கு 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் கிதார் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 வாட்டில் 117 டெசிபல். 50 வாட்டில் 114. அரை வாட்டில் 94. அரை வாட்டே 94 டெசிபல்! நமது நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்டது. விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் புறப்படும் என் தந்தையார் அந்த அறையில்தான் உறங்குகிறார். இத்தகைய வீடுகளுக்கு 50 வாட்டும் பெரிது, 5 வாட்டும் பெரிது. அங்கு வேண்டுவது நல்ல ஹெட்போன் இணைப்பும், மிகக் குறைந்த உரப்பிலும் குலையாத குரலுமே.

ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். மாடலிங் கணக்கீட்டிற்குச் சில மில்லிநொடிகள் ஆகும், அது தொல்லையன்று. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 மில்லிநொடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். ஆனால் சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் 100 மில்லிநொடியையும் தாண்டிவிடும். அத்துடன் தாளம் பிடிப்பது இயலாது.

செவியையும் நாம் மறந்துவிடலாகாது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், மேற்கொண்டு கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்தது. அக்கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே.

மேடைக்கு வேண்டுவன

மேடையில் நிலைமை வேறு. டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டி முழங்கும். 10 வாட்டும் சிறு ஸ்பீக்கரும் அங்கு மூழ்கிவிடும். 12 அங்குல ஸ்பீக்கரும் 40 அல்லது 50 வாட்டும் இருந்தால் குழுவினர் தம் ஒலியைக் கேட்டுக்கொள்ளப் போதும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். கடைசி வரிசை வரை எட்டச் செய்வது மைக்செட்காரரின் வேலை. அவருடைய மிக்சருக்கு நேரே ஒலி அனுப்பும் இணைப்பு பெருக்கியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை இயல்பாகவே அடக்கிவிடும். ஆகவே அந்த இணைப்பில் ஸ்பீக்கர் பெட்டியின் மாதிரியும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் தகரத்தைச் சுரண்டுவது போல் ஒலிக்கும்.

வீட்டில் இனிமையாக அமைத்த குரல் மேடையில் குழம்பிப் போவதும் உண்டு. மெல்லிய ஒலியில் நம் செவி கீழ்ச்சுரங்களைக் குறைவாக உணர்கிறது என்பதை பிளெச்சர், மன்சன் என்ற அறிஞர்கள் 1933இல் அளந்து காட்டினர். எனவே வீட்டில் நாம் ‘பேஸ்’ ஒலியை அதிகமாகத் திருப்பி வைக்கிறோம்; மேடை உரப்பில் அது இரைச்சலாகிறது. மேடைக்கென்று தனி அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்வது நலம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘எர்த்’. கிதாரின் தந்திகள் பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. எர்த் சரியில்லாத மேடையில் ஒரு கை தந்தியையும் மறு கை மைக்கையும் தொட்டால் உயிருக்கே ஆபத்து. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார்க் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். உறுமல் ஒலியைக் குறைப்பதற்காக மூன்றாவது பின்னை ஒடித்து நீக்கும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

2016இல் பாஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கட்டானா வரிசையின் 50 வாட் பெருக்கியைக் காண்போம். 12 அங்குல ஸ்பீக்கர். ஏறத்தாழ 12 கிலோ எடை. 50, 25, அரை வாட் என மூன்று நிலைகள். ஸ்பீக்கர் மாதிரி சேர்ந்த ஹெட்போன் இணைப்பு. முகப்பில் ஐந்தே அடிப்படைக் குரல்கள்தாம் வைத்தனர். 2024இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஒன்று கூடிற்று. நூறு குரல் பேசும் பெருக்கிகளுக்கு நடுவே இது பரவலாக விற்பனையானதற்கு, வீடு மேடை இரண்டையும் மனத்திற்கொண்டு அமைத்ததே காரணம் என்பது என் கருத்து. இதையேதான் வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. இவ்வமைப்புகள் எப்பெருக்கியில் இருந்தாலும் நன்றே.

கடைக்குச் செல்லும்போது சொந்தக் கிதாரையும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் திரிபற்ற தெளிந்த குரலைக் குறைந்த உரப்பில் கேளுங்கள். மென்மையாகவும் வலுவாகவும் மீட்டி, குரல் விரலுக்கு இசைந்து மாறுகிறதா என்று பாருங்கள். கைப்பேசிச் செயலியின் துணையின்றித் திருகுகளைக் கொண்டே முக்கியமானவற்றை மாற்ற முடிகிறதா என்று சோதியுங்கள். மேடை இருட்டில் கைப்பேசியைத் தேட நேரமிராது. பழுதானால் அருகில் சீர்செய்வார் உண்டா என்றும் விசாரியுங்கள்.

நண்பர்கள் நால்வரும் முதலில் 100 வாட் பெருக்கியைத்தான் மனத்தில் வைத்திருந்தனர். மேற்கூறிய கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபின் 50 வாட் போதுமென்று முடிவு செய்தனர். விலை வேறுபாட்டில் மிஞ்சும் தொகைக்கு நல்ல ஹெட்போன் ஒன்றும், எர்த் சோதிக்கும் சிறு கருவி ஒன்றும் வாங்க எண்ணியுள்ளனர். உழைத்துச் சேர்த்த பணத்திற்கு வகுப்பறை இயற்பியல் இவ்வளவு காவல் செய்யுமாயின், அதைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு நாம் நன்றியுடையோம்.