வாசற்படி தாழ்ந்தால்…

வீடு கட்டத் தொடங்குமுன் பூமாதேவியை வணங்கி, நிலத்தைத் தோண்டுவதற்கு அனுமதி கேட்பது நம்மவர் வழக்கம். எசன் நகரத்து நிலத்தை நிலக்கரிக்காக நூற்றாண்டுக் கணக்கிற் தோண்டியிருக்கிறார்கள். அங்கே வீடும் கடையும் வாங்கியுள்ள நம்மவர் சிலர் தங்கள் வாசலில் ஒன்றைக் காண்கின்றனர். கராஜுக்குப் போகும் கொங்கிறீற்றுத் தளம் ஒரு மூலையில் இறங்குகிறது. கடைப் படிக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு விளிம்பு எழும்புகிறது.

இரண்டு சென்ரிமீற்றர்தானே என்று பலரும் விட்டுவிடுவர். வயதான ஓர் அம்மாவின் கால் தடக்குவதற்கு இரண்டு சென்ரிமீற்றர் தாராளம். எலும்பு நலிந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதேயில்லை. குளிர்காலத்தில் தாழ்ந்த இடத்தில் தேங்கும் நீர் உறைந்து கண்ணாடியாகிவிடும். தம் வாசலைப் பிறர் நடக்கத்தக்கதாக வைத்திருப்பது ஜேர்மன் சட்டப்படி உரிமையாளரின் கடமை. விழுந்தவருக்கு அவரே பதில் சொல்ல வேண்டி வரும்.

தளத்தை உயர்த்துவது பெரிய வித்தையன்று. தளத்திற் துளையிட்டு, அடியில் சீமெந்துக் குழம்பை அழுத்திச் செலுத்தினால் தளம் மெல்ல எழும்பும். இப்போது பொலியூரத்தேன் நுரையைச் செலுத்துவதும் உண்டு. எசனிலிருந்து அதிக தூரமில்லாத லெவர்குசனில் 1937இல் ஓட்டோ பாயர் கண்டறிந்த பொருளே இது. சிறு துளைகள் போதும், நுரை சில நிமிடங்களில் இறுகிவிடும், அன்றே நடக்கலாம். ஆனால் கை தவறிக் கூடுதலாக உயர்த்திவிட்டால் இறக்க முடியாது. உடைந்த வடிகாற் குழாய்க்குள் நுரை புகுந்தால் வேறு செலவு. கல் பதித்த முற்றமாயின் இவை எதுவும் தேவையில்லை. கற்களைக் கிளப்பி, சரளையை இறுக்கி, மீண்டும் பதித்தால் முடிந்தது. எதைச் செய்தாலும் சரிவு வீட்டுக்கு எதிர்ப்புறமாக, மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும்.

காய்ச்சலின் காரணம் தெரியாமல் காய்ச்சலை மட்டும் தணிப்பது போன்ற தவறு இங்கேயும் நேர்கிறது. நிலம் ஏன் இறங்கியது என்று கேளாமலே தளத்தை உயர்த்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: சரியாக இறுக்கப்படாத மண், அல்லது கூரைநீர்க் குழாயோ கழிவுக் குழாயோ ஒழுகி மணலைக் கரைத்துச் செல்வது. குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்த்தால் இரண்டாவது தெரிந்துவிடும்.

எசனில் மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. நகரின் தெற்கே, ருர் ஆற்றோரம், நிலக்கரி மேற்பரப்புக்கு அண்மையிலேயே கிடந்தது. பழைய காலத்தில் தோண்டியவர்கள் வரைபடம் வையாமலே விட்ட பொந்துகள் பல. 2013 நவம்பரில் எசன் பிரதான புகையிரத நிலையத்தருகே தண்டவாளத்தின் கீழ் இத்தகைய பழைய சுரங்கங்கள் தென்பட, புகையிரதங்கள் வாரக்கணக்கில் ஊர்ந்து சென்றன. பொந்துகளைத் துளையிட்டு நிரப்பிய பின்னரே வேகம் திரும்பியது. அயலூரான வாற்றன்ஷைட்டில் 2000 ஜனவரியில் நிலம் வாய்திறந்து கராஜையும் காரையும் விழுங்கியது.

வடக்கே ஆழத்திற் தோண்டினார்கள். அங்கே நிலம் பரந்த தட்டுப்போல மெல்ல இறங்கியது. ருர் பிரதேசத்திற் சில இடங்கள் இருபது மீற்றருக்கும் கூடுதலாகத் தாழ்ந்துவிட்டன. நிலக்கீழ்க் குழாய்கள் உடைந்துவிடும் என்பதால் எம்ஷர் ஆற்றையே நூறாண்டுக்கு மேல் திறந்த கழிவுநீர் வாய்க்காலாக வைத்திருந்தார்கள். சுரங்கங்கள் ஓய்ந்த பின்புதான் நிலத்தடிக் கால்வாய் அமைந்து, 2021 இறுதியில் ஆறு கழிவிலிருந்து விடுபட்டது. எசனின் கடைசிச் சுரங்கமான சொல்ஃபரைன் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. ஆழச் சுரங்கத்தால் ஏற்படும் இறக்கம் சில ஆண்டுகளில் அடங்கிவிடும். ஆகவே இன்று புதிதாக இறங்கும் தளத்துக்கு அதனை எடுத்த எடுப்பிலே குற்றஞ்சாட்டுவதும் சரியன்று.

எனினும் சுரங்கமே காரணமாயின், அது பேர்க்ஷாடன் எனப்படும் சுரங்கச் சேதம். செலவு சுரங்க நிறுவனத்துடையது அல்லது அதன் வாரிசுடையது. 1982இல் நடைமுறைக்கு வந்த சுரங்கச் சட்டப்படி, சுரங்கத்தின் தாக்கப் பகுதியில் அதற்குரிய தோற்றமுள்ள சேதம் சுரங்கத்தால் வந்ததென்றே முதலிற் கொள்ளப்படும். அதற்கு முன்பே விளைந்த சேதத்துக்குப் பழைய சட்டமே செல்லும். அங்கே நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவருடையது. உரிமை கோருவதற்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணையே உண்டு. வீட்டுக் காப்புறுதியை நம்பியிருப்பதும் வீண். நில இறக்கத்துக்கான காப்புறுதி இயற்கையாக அமைந்த பொந்துகளையே கணக்கில் எடுக்கும்.

வீடு வாங்கவிருப்போர் நொத்தாரிசு முன் கையெழுத்திடுமுன் ஒரு சொல்லைத் தேட வேண்டும்: பேர்க்ஷாடன்ஸ்பெர்சிஷ்ட். சுரங்க நிறுவனங்கள் முன்னர் விற்ற வீடுகள் பலவற்றில், இழப்பீட்டு உரிமையைக் கைவிடுவதாகவோ குறைப்பதாகவோ காணிப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். வீட்டின் விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம். காணியின் கீழ் என்ன நடந்ததென்பதை ஆர்ன்ஸ்பேர்க் மாவட்ட அரசின் சுரங்கப் பிரிவிடம் எழுதிக் கேட்டறியலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், தளத்தை உயர்த்த ஆளை அழைக்குமுன் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல் நன்று. திருத்திய பின் காட்டுவதற்குச் சேதம் இராது. அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதி குறிக்க வேண்டும். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே சிறிது கிப்சம் பூசி, அதிலும் தேதி எழுதி வைப்பது பழைய முறை, இன்றும் பயன்படும். சில மாதங்களில் அந்தக் கிப்சம் பிளந்தால் நிலம் இன்னும் அசைகிறது. தளத்தை உயர்த்தும் வேலையை அதுவரை ஒத்திவைப்பதே தக்கது. தோட்டத்திற் திடீரெனக் குழி தோன்றினால் மண்ணள்ளிப் போடப் போகாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 112ஐ அழைக்கவும்.