வால்வு ஆம்ப்ளிபயர் – 6: பூட்டிய வீட்டின் கண்டன்சர்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்பட்டதால், அங்கிருந்த வால்வு ரேடியோக்களும் ஆம்ப்ளிபயர்களும் ஓடித் தேய்ந்ததைவிட ஓடாமல் கிடந்தே அதிகம் கெட்டன. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரப்பெட்டியின் அழகுக்காக இத்தகைய கருவிகளை வாங்குவோர், பாடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் நேராக மின்சாரத்தில் செருகிவிடுவதுதான் அவற்றுக்கு நேரும் மிகப் பெரிய ஆபத்து.

மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக்கப்பட்ட பின் அதில் எஞ்சும் அலைவை அடக்கி, 'உர்ர்' என்ற இரைச்சல் எழாமல் காப்பது எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, அதாவது பட்டறைகளில் பில்டர் கண்டன்சர் எனப்படும் அலுமினிய உருளை. அதனுள் சுருட்டி வைக்கப்பட்ட அலுமினியத் தாளின் மேல் மின்வேதி முறையில் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலமே மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் வளரும் இப்படலம், 450 வோல்ட் தாங்கும் உருளையில்கூட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. மின்னழுத்தமே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது உள்ளிருக்கும் மின்பகுபொருள் இப்படலத்தை நலிவடையச் செய்கிறது. அந்நிலையில் முழு மின்னழுத்தமும் ஒரேயடியாகப் பாய்ந்தால், கசிவு மின்னோட்டம் பெருகி, உருளை சூடேறி வெடிக்கலாம், பவர் டிரான்ஸ்பார்மரும் கருகலாம்.

இதற்கு மாற்று, படலத்தைத் திரும்ப வளர்ப்பது. உருளையின் இணைப்பைப் பிரித்து, சில பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றின் வழியாக நேர்மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினால், கசியும் மின்னோட்டமே நலிந்த இடங்களில் புதிய ஆக்சைடை உண்டாக்குகிறது. மின்தடையின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், முதலில் பல வோல்ட் காட்டும் முள் சில மணி நேரத்தில் மெல்ல இறங்கி வருவதைக் காணலாம். இறங்காமல் நின்றுவிட்டாலோ, மின்தேக்குத்திறன் வெகுவாகக் குறைந்திருந்தாலோ புதியதை மாற்றுவதே முறை. வேலை முடிந்ததும், உருளையில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தை ஒரு மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இது முழுக்க மின்வேதியியல். அந்த அறிவியலுக்கென்றே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்ட சிக்ரி ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில், மாணவர்களுக்கு இந்த உருளையைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது.

மெழுகூட்டிய காகிதத்தால் ஆன இணைப்புக் கண்டன்சருக்கோ இந்தப் பரிவு தேவையில்லை. முன்வால்வின் உயர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிச் சைகையை மட்டும் வெளியீட்டு வால்வுக்கு அனுப்ப வேண்டிய அது, ஈரம் ஏறியதும் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. 250 வோல்ட்டில் இயங்கும் 6வி6 வால்வின் கிரிட்டில் 12.5 வோல்ட் எதிர்மின்னழுத்தம் இருக்க வேண்டும். கிரிட்டில் 470 கிலோ ஓம் மின்தடை உள்ள இடத்தில் வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே அதில் 4.7 வோல்ட் தேய்ந்துபோகும். கட்டுப்பாடு தளர்ந்த வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, அதன் தகடு செந்நிறமாகக் கனன்று, இறுதியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையே எரித்துவிடும். அசல் உதிரிப்பாகம் மாறக் கூடாது என்ற பிடிவாதத்தில் ஒரு சிறு காகிதக் கண்டன்சரைக் காப்பாற்றி, மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்பார்மரைப் பலிகொடுப்பது பாதுகாப்பு ஆகாது.

ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் அமைத்த ஸ்டூடியோவில் உருவான 'நாம் இருவர்' வெளிவந்த 1947ஆம் ஆண்டின் இறுதியில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது என்பதால், அப்படத்தின் ஒலியைப் பெருக்கியவை எல்லாம் வால்வுகளே. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளை உள்நாட்டிலேயே தயாரித்தது. 6வி6 இன்றும் புதிதாக உற்பத்தியாகிறது. ஆகவே வால்வு போனால் வேறு வாங்கலாம். குறிப்பிட்ட ஒரு கருவிக்கென்றே சுற்றப்பட்ட அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போனால், அதே கம்பிக் கனத்திலும் சுற்று எண்ணிக்கையிலும் சுற்றித் தரும் கைகள் இன்று மிகச் சிலவே. அதைச் சோதிக்கும் முறை அடுத்த இதழில்.

(தொடரும்)